வீட்டுக்கு வீடு கம்பியில்லா இணைப்பு: அமைப்பது எப்படி?



ஒரு தெருவில் அண்ணன் வீடு, இரண்டு தெரு தள்ளி வயதான வாப்பாவும் உம்மாவும் இருக்கும் பழைய வீடு. அண்ணன் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. பழைய வீட்டில் இல்லை. தெருவைத் தாண்டிக் கம்பி இழுக்க முடியாது. இப்படிப்பட்ட இரண்டு வீடுகளை வானொலி அலை மூலம் இணைக்கலாம். இதற்குக் கண்ணுக்குத் தடையில்லாத நேர்ப்பார்வை வேண்டும். வீட்டார் இருவருக்குமிடையே ஒளிவுமறைவற்ற பேச்சும் வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் இணைப்பு நிலைக்காது.

நம் பக்கத்திலேயே நடந்தது

இது புதுவைக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் அது. இருவழி வானொலிக் கருவிகள் மூலம் பேச்சும் கணினித் தகவலும் போய்வந்தன. வீராம்பட்டினம் மீனவர்களுக்குக் கடல் அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றித் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். கருவி ஊருக்குச் சொந்தமாக இருந்ததும், கேட்டதை உடனே எடுத்துச் சொல்ல ஆள் இருந்ததும்தான் அன்று உதவின.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் கிராமக் கண் மையங்களைத் தொலைதூர வைஃபை மூலம் இணைத்து, நோயாளியை வீடியோவில் மருத்துவர் பார்க்க வழி செய்தது. பல கிலோமீட்டருக்கு எட்டியது, நம் இரண்டு தெருவுக்கு எட்டாதா?

முதலில் மாடிக்குப் போங்கள்

இந்த அலை சுவரையும் தென்னை ஓலையையும் ஊடுருவ வெகுவாகத் திணறும். ஒரு மொட்டைமாடியில் நின்றால் மற்ற மாடியில் கருவி வைக்கப்போகும் இடம் தெரிய வேண்டும். கோடு போல் மெல்லிய இடைவெளி போதாது. 300 மீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு, நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 2 மீட்டர் அகலத்துக்கு அலை பரவும். அதில் 60 சதவீதமாவது, அதாவது 1.2 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். இன்று தாழ்வாக இருக்கும் மரம் நாளை வளரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மாடியில் நின்று பார்க்கும்போது அக்கம்பக்கத்து முற்றங்களும் கண்ணில் படும். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஏறுவதும், பார்வையைப் பேணுவதும் நம் கடமை.

தேவையானவை, செய்முறை

வெளிப்புறத்துக்கென்று தயாரித்த 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் இரண்டு, ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரியாக வாங்குங்கள். ஆண்டெனா அதற்குள்ளேயே இருக்கும். கூடவே வெயில் தாங்கும் கேபிள், கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் அடாப்டர், துருப்பிடிக்காத பிடிமானம் ஆகியவை தேவை. கடற்காற்றில் சாதாரண நட்டும் போல்ட்டும் சீக்கிரம் துருவேறும்.

1. இரண்டு கருவிகளையும் மேசையில் வைத்தே அமையுங்கள். ஒன்றை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ ஆகவும் மற்றதை ‘கிளையண்ட்’ ஆகவும் வையுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

2. இரண்டுக்கும் வெவ்வேறு ஐபி எண் கொடுங்கள். உங்கள் ரவுட்டர் 192.168.1.1 என்றால் 192.168.1.20, 192.168.1.21 போல. ரவுட்டர் தானாகப் பிறருக்குக் கொடுக்கும் எண்களில் அவை வரக்கூடாது. கடினமான கடவுச்சொல் வையுங்கள்.

3. மாடியில் பொருத்தி, ஒருவர் மெல்லத் திருப்ப, மற்றவர் திரையில் அலைவலிமையைப் படிக்கட்டும். மைனஸ் 50 முதல் மைனஸ் 65 வரை நல்லது. மைனஸ் 80 என்றால் குறி தவறியிருக்கிறது, அல்லது இடையில் தடை இருக்கிறது.

4. கிளையண்ட் பக்கத்தில் கேபிளை வீட்டுக்குள் இறக்கி, சிறிய வைஃபை ரவுட்டரில் செருகுங்கள். கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னல் வரும். கம்பத்துக்கு எர்த் போடுவதை மின்பணியாளரிடம் விடுங்கள். மின்கம்பிக்கு அருகே கம்பம் நடவே கூடாது. 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயலை நாம் மறக்கவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் காற்று எழுவதற்கு முன்பே கருவியைக் கழற்றி இறக்குங்கள்.

சட்டமும் அமானத்தும்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதி 2018-லும் உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் அனுமதிக்கப்பட்டன. அலைசக்திக்கு வரம்பு உண்டு. அதை மீறும் அமைப்புகளைத் தொடாதீர்கள்.

அலைக்கு அனுமதி இருப்பதால் இணையத்தைப் பகிரவும் அனுமதி என்று ஆகிவிடாது. பிராட்பேண்ட் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு முகவரிக்கானது. நிறுவனத்திடம் கேட்டு ஒப்புதல் பெறுங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது குர்ஆன் (5:1) இட்ட கட்டளை. அண்டை வீட்டாரிடம் பணம் வாங்கி இணைப்பு கொடுப்பது விற்பனையாகிவிடும். பொது வைஃபை நடத்த விரும்பும் கடைகளுக்கும் அமைப்புகளுக்கும் 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘பிஎம்-வாணி’ திட்டம் முறையான வழி. நிறுவனம் ஒப்பாவிட்டாலும், பெற்றோர் வீட்டுக் கேமராவைப் பார்ப்பது, கோப்புகளை அனுப்புவது போன்றவற்றுக்கு இணையமே தேவையில்லை. இரு வீட்டுக்கும் இடையிலான இணைப்பு மட்டும் போதும்.

யாராவது தவறாகப் பயன்படுத்தினால் முதலில் கேள்வி வருவது கணக்கு வைத்திருப்பவரிடம். ஆகவே கருவி யாருடையது, மின்செலவு யாருக்கு, பழுதானால் யார் பார்ப்பது, பிள்ளைகள் எத்தனை மணிவரை பயன்படுத்தலாம், எப்போது நிறுத்திக்கொள்ளலாம் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கேமரா அடுத்த வீட்டைப் பார்க்காதபடி திருப்புங்கள். கொடுத்த கடவுச்சொல் ஒரு அமானத். மூன்றாம் வீட்டுக்குப் போகக்கூடாது.

குர்ஆன் (4:36) உறவினரான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. இணைப்பு கொடுக்கும் வசதி உள்ளவர்கள், தெருவில் படிக்க வழியில்லாமல் நிற்கும் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் முறையான வழியில் உதவ முன்வாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.