மட்டியைத் தாழ்வாக எண்ண வேண்டாம்

இறால் சாப்பிட்ட கையோடு எலுமிச்சைச் சாறு குடித்தால் வயிற்றில் ஆர்சனிக் விஷம் உண்டாகும் என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம்பாதீர்கள். இறாலில் உள்ள ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற தீங்கற்ற சேர்மம். அது அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். வைட்டமின் சி அதை விஷமாக மாற்றுவதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொரு நம்பிக்கை. மட்டியையும் சிப்பியையும் பச்சையாகத் தின்றால்தான் சத்து முழுதாகச் சேருமாம். நடப்பது நேர்மாறு. இவற்றில் பல இனங்களின் பச்சைச் சதையில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. வைட்டமின் பி1ஐ அது சிதைத்துவிடும். கூடச் சாப்பிடும் சோற்றிலும் பருப்பிலும் உள்ள பி1ஐயும் விட்டுவைக்காது. நன்றாக வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். விப்ரியோ போன்ற கிருமிகளும் அந்தச் சூட்டில்தான் சாகும். எலுமிச்சை பிழிவதால் சாகாது.

ஓடுள்ள கடலுணவு எல்லாவற்றிலும் வைட்டமின் பி12 ஒரே அளவில் இருக்கும் என்பதும் சரியல்ல. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது சுமார் 2.4 மைக்ரோகிராம். 100 கிராம் இறாலில் ஒன்றிரண்டு மைக்ரோகிராம்தான் தேறும். மட்டியில் அதைப்போல் பத்து மடங்கும் அதற்கு மேலும் இருக்கலாம். கிலோ விலையில் இறாலை எட்டவே முடியாத மட்டி, சத்தில் அதை முந்துகிறது. கடற்கரை ஏழைகளின் உணவு என்று அதை ஒதுக்குவது பெரிய இழப்பு.

மட்டி பி12ஐத் தானே உண்டாக்குவதில்லை. எந்த விலங்குக்கும் அந்தத் திறன் கிடையாது, பாக்டீரியா போன்ற சில நுண்ணுயிர்களால்தான் முடியும். மட்டி நாளெல்லாம் கடல்நீரை வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு, பி12ஐச் சதையில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அளவு மாறும். அழுக்கு நீரில் வளர்ந்தது அழுக்கையும் சேர்த்துவைக்கும் என்பதால் எங்கே எடுத்த மட்டி என்று கேட்டு வாங்குங்கள்.

மீன், இறைச்சி தொடாதவர்கள் பி12க்காகச் சுருள்பாசி மாத்திரையை நம்புகிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. மனித உடலுக்குப் பயன்படாது. பாலும் தயிரும் அதைவிட மேல்.

மட்டியை வேகவைத்தால் பி12 முழுவதும் அழிந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். சூட்டை அது ஓரளவு தாங்கும், ஆனால் நீரில் கரைந்து இறங்கும். மட்டி வெந்த நீரை மண் தெளியவிட்டுக் குழம்பிலேயே சேருங்கள். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழில் நண்டும் இறாலும் மீனும் வெந்த நீர் ஒரு சொட்டும் வீணாவதில்லை. கூழோடு கூழாக அதையும் குடித்துவிடுகிறார்கள்.