புது டிஸ்க் வந்தது, பேக்கப் நின்றது

கேள்வி: எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் புதியது வாங்கினேன். அதன்பின் அவுட்லுக் அஞ்சல்கள் பேக்கப் ஆவதில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் டிரைவ் எழுத்துதான் காரணம். பழைய டிஸ்க் ‘ஈ’ டிரைவாக இருந்திருக்கும், புதியதற்கு விண்டோஸ் ‘எஃப்’ கொடுத்திருக்கும். பேக்கப் மென்பொருள் இன்னும் ‘ஈ’யைத்தான் தேடுகிறது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய டிஸ்க்கை ரைட் கிளிக் செய்து பழைய எழுத்தையே கொடுங்கள்.

பேக்கப் தொடங்கிப் பாதியில் நின்றால் ஃபார்மேட்டைப் பாருங்கள். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. அவுட்லுக்கோ பல ஆண்டு அஞ்சல்களை, இணைப்புகளோடு, ஒரே பிஎஸ்டி கோப்பில் குவிக்கிறது. நெட்டில் தேடினால் கேபிளை மாற்று, போர்ட்டை மாற்று என்பார்கள். இந்த வரம்பைப் பலர் கவனிப்பதே இல்லை. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள்.

பேக்கப் ஓடும்போது அவுட்லுக் மூடியிருக்கட்டும். திறந்திருந்தால் கோப்பு பூட்டப்பட்டிருக்கும். ‘வெற்றி’ என்ற செய்தியை மட்டும் நம்பாதீர்கள். பேக்கப் ஆன பிஎஸ்டியைக் கணினியில் வேறு பெயரில் நகலெடுத்து, அவுட்லுக்கில் திறந்து, பழைய அஞ்சல் ஒன்றைப் படித்துப் பாருங்கள்.