வண்டி என்ன சொல்கிறது?

டெல்லியில் கரோல் பாக் என்ற பகுதி உள்ளது. அங்கே மோட்டார் சைக்கிள் கடைகள் நிறைய உண்டு. உதிரி பாகங்கள் விற்பார்கள். பழுதும் பார்ப்பார்கள். மெக்கானிக்கை அங்கே "உஸ்தாத்" என்று கூப்பிடுவார்கள்.

நல்ல உஸ்தாத் உடனே ஸ்பானரை எடுப்பதில்லை. முதலில் கேள்வி கேட்பார். "சத்தம் எப்போது வருகிறது? எங்கே வருகிறது?"

நமக்குப் பதில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாகக் கழற்ற வேண்டி வரும். காசு போகும். ஒரு நாள் வேலையும் போகும்.

நம் வண்டியின் இயல்பான சத்தம் நமக்குத் தெரியும். புல்லட் "டப் டப்" என்று ஓடும். அது கோளாறு அல்ல. புதிய சத்தம் வந்தால்தான் கவனிக்க வேண்டும். நான்கு நாள் விட்டால் காது பழகிவிடும். கோளாறு வளர்ந்துவிடும்.

எங்கே வருகிறது?

வண்டியைத் திறந்த வெளியில் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். மூடிய அறையில் வேண்டாம். வண்டிப் புகை உயிரைக் கொல்லும்.

நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை மெல்லத் திருகுங்கள். சத்தம் வருகிறதா? இஞ்சினையும் சைலன்சரையும் பார்க்க வேண்டும்.

ஓடும்போது மட்டும் சத்தம் வருகிறதா? செயின், சக்கரம், பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

என்ன சத்தம்?

சட சட: செயின் தளர்ந்திருக்கலாம்.

உர்ர்ர்: வேகம் கூடக் கூட இந்தச் சத்தமும் கூடினால் சக்கரத்தின் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

பட் பட்: சைலன்சர் இணைப்பில் புகை கசியலாம்.

டொக் டொக்: இஞ்சினுக்குள் வந்தால் உடனே நிறுத்துங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஓட்டாதீர்கள்.

கர கர: பிரேக் பிடிக்கும்போது வந்தால் பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம். அன்றே காட்டுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பிரேக் பிடிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

டிக் டிக்: வண்டியை நிறுத்திய பிறகு வரும். சூடான சைலன்சர் ஆறும்போது சுருங்குகிறது. பயம் வேண்டாம்.

கவனம்! இஞ்சின் ஓடும்போது செயினைத் தொடாதீர்கள். விரல் போய்விடும்.

சீட்டு எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு சீட்டில் எழுதுங்கள்.

சத்தம்: கர கர
எப்போது: பிரேக்கை மிதிக்கும்போது
எங்கே: பின் சக்கரம்
எத்தனை நாளாக: நேற்று முதல்

இதைப் பார்த்து உஸ்தாதிடம் சொல்லுங்கள். சத்தத்தை இந்தியில் "ஆவாஸ்" என்பார்கள். எழுதி வைத்தால் எதுவும் மறக்காது. தேவையில்லாத செலவும் குறையும்.

பயிற்சி

1. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
அ) செயின் தளர்ந்தால் ________ என்று சத்தம் வரும்.
ஆ) இஞ்சினில் "டொக் டொக்" என்று கேட்டால் ________ அளவைப் பார்க்க வேண்டும்.

2. எந்தச் சத்தம் கேட்டால் அன்றே கடைக்குப் போக வேண்டும்? ஏன்?

3. உங்கள் வண்டிக்கோ, சைக்கிளுக்கோ, தையல் மெஷினுக்கோ இதுபோல ஒரு சீட்டு எழுதுங்கள்.