நீர்க்கடுப்பு எல்லாம் சூடுதானா?



வெயிலில் பால் எடுத்து, செம்பனைக் குலை வெட்டி வீடு திரும்பும்போது சிறுநீர் கடுத்தால் நாம் என்ன சொல்கிறோம்? "சூடு புடிச்சிருச்சு" என்போம். இளநீரோ பார்லித் தண்ணியோ குடிப்போம். இரண்டு நாளில் குறைந்ததும் மறந்துவிடுவோம். சில வேளை அது சூடாகவே இருக்கலாம். ஆனால், உடலுறவால் தொற்றும் கிருமியாகவும் இருக்கலாம்.

இவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று வெட்டை நோய். ஆண்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் எரிச்சலும் சீழும் காணும். மற்றது கிளாமிடியா. அது ஓசைப்படாமல் நுழையும் திருடன். தொற்றிய ஆண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கும், பெண்களில் பெரும்பாலோருக்கும் ஒன்றுமே தெரியாது.

கவனிக்க வேண்டிய சிறு அறிகுறிகள்:

1. காலையில் உறுப்பின் நுனியில் ஒரு சொட்டுக் கசிவு, உள்ளாடையில் கறை.
2. சிறுநீர் கழிக்கையில் இலேசான எரிச்சல் அல்லது அரிப்பு.
3. ஆண்களுக்கு விதையில் வலி, வீக்கம்.
4. பெண்களுக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்பாடு, அடிவயிற்று வலி, மாதவிலக்கு இல்லாத நாளில் இரத்தம்.

எரிச்சல் நின்றுவிட்டால் நோய் போய்விட்டது என்று எண்ணாதீர்கள். கிருமி மாதக்கணக்கில் உள்ளே தங்கும். பெண்ணின் கருக்குழாயைக் கெடுத்துப் பிள்ளைப்பேற்றையே தடுக்கலாம். பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணையும் தாக்கலாம்.

சந்தேகம் இருந்தால் சுங்கை பட்டாணி, கூலிம், பாலிங், அலோர் ஸ்டார் என்று உங்களுக்குப் பக்கத்திலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்தால், பரிசோதனைக்கு நல்லது. டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்.

கடையில் மாத்திரை வாங்கி நீங்களே விழுங்க வேண்டாம். முன்பு வெட்டை நோய்க்குப் பென்சிலின் ஊசியே போதுமாக இருந்தது. 1976இல் அந்த மருந்துக்கு அடங்காத கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கணவன், மனைவி இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். ஒருவர் மட்டும் எடுத்தால் மறுபடியும் தொற்றிக்கொள்ளும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை சேரக்கூடாது. பிறகும் சந்தேகமான உறவுக்கு ஆணுறை அவசியம்.

ஒரு வார்த்தை: யாருக்கு முதலில் எரிந்தது என்பதை வைத்து யார் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது. "நீதான், நான்தான்" என்று சண்டை போட்டு நாளைக் கடத்தாதீர்கள். வெட்கத்தை விட்டு, இரண்டு பேரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.