நம் ஊர் எந்த வட்டம்?



கடிதத்தின் உறையில் முகவரி எழுதும்போது ஊர், அஞ்சல், வட்டம், மாவட்டம் என்று வரிசையாக எழுதுகிறோம். ஒருநாள் சமூக அறிவியல் வகுப்பில், "வட்டம் என்றால் என்ன?" என்று கேட்டேன். "கோணம் இல்லாதது, டீச்சர்!" என்றாள் ஒரு குறும்புக்காரி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சரியான விடை சொன்னவர் இருவரே.

இந்த விடை தேர்வுக்கு மட்டும் உரியதன்று. நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் கணவரை இழந்தவர். வாழைத் தோப்பில் கூலி வேலை செய்பவர். விதவை ஓய்வூதியத்துக்கு மனுக் கொடுக்க முதல் நாள் ஊராட்சி அலுவலகம் சென்றார். "இங்கே இல்லை" என்றார்கள். மறுநாள் ஒன்றிய அலுவலகம் சென்றார். அங்கும் அதே பதில். மூன்றாம் நாள்தான் தாலுகா அலுவலகத்தின் வாசலை மிதித்தார். "ஏனுங் டீச்சர், எல்லாம் கவர்மெண்டு ஆபீசுதானுங்களே! மூணு நாள் கூலி போச்சுங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் கனத்தது. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்திருந்தால் அந்தக் கூலி மிஞ்சியிருக்கும் அல்லவா?

இரண்டு ஏணிகள்

நம் ஒவ்வோர் ஊரும் ஒரே சமயத்தில் இரண்டு ஏணிகளில் நிற்கிறது.

முதலாவது வருவாய்த் துறை ஏணி. அதன் அடிப்படி வருவாய்க் கிராமம். அங்கே இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர். பல கிராமங்கள் சேர்ந்தது குறுவட்டம். இதையே பிர்க்கா என்பர். இதற்கு வருவாய் ஆய்வாளர் பொறுப்பு. பல குறுவட்டங்கள் சேர்ந்தது வட்டம், அதாவது தாலுகா. அதன் தலைவர் வட்டாட்சியர் என்னும் தாசில்தார். வட்டங்கள் சில சேர்ந்தது கோட்டம். கோட்டங்கள் சேர்ந்தது மாவட்டம். உச்சிப் படியில் இருப்பவர் மாவட்ட ஆட்சியர். நிலப் பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் மற்றும் விதவையர் ஓய்வூதியம் ஆகியவை இந்த ஏணியைச் சேர்ந்தவை. இதில் இருப்போர் அனைவரும் அரசு ஊழியர்கள்.

இரண்டாவது உள்ளாட்சி ஏணி. அடியில் கிராம ஊராட்சி, நடுவில் ஊராட்சி ஒன்றியம், மேலே மாவட்ட ஊராட்சி. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊர்ச் சாலை, வீட்டு வரி ஆகியவை இதன் வேலை. இந்த மன்றங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வாக்காளர்களாகிய நாம். ஒன்றிய அலுவலகத்தில் பணிகளை நடத்தும் அரசு அலுவலரே நாம் 'பி.டி.ஓ.' என்றழைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர். நகர்ப்புறத்தில் ஊராட்சிக்குப் பதிலாகப் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி உண்டு. கோவை 1866-இல் நகராட்சியாகி, 1981-இல் மாநகராட்சியாக உயர்ந்தது.

இரண்டு ஏணிகளின் எல்லைகளும் ஒன்றல்ல. பெயர்களும் எப்போதும் ஒன்றல்ல. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் வாழும் ஒரு மாணவி பட்டாவுக்குப் பேரூர் வட்டத்தையும், ஊர்ச் சாலைக்குத் தொண்டாமுத்தூர் ஒன்றியத்தையும் நாட வேண்டியிருக்கும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

நாடுகள் இருபத்து நான்கு

இப்பிரிவுகள் நேற்றுத் தோன்றியவை அல்ல. பழைய கொங்கு மண்டலம் 24 நாடுகளாகப் பிரிந்திருந்தது என்பது வழக்கு. பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆறை நாடு, குறுப்பு நாடு, பேரூர் நாடு என்னும் பெயர்களை நம் பாட்டிமார் இன்றும் சொல்லக் கேட்கலாம். அன்றைய பேரூர் நாட்டின் பெயரே இன்று ஒரு வட்டத்தின் பெயராக விளங்குகிறது.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொங்குப் பகுதி ஆங்கிலேயக் கம்பெனியின் கைக்கு வந்தது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் மிகப் பெரியது. நீலகிரியும் அதற்குள் அடங்கியிருந்தது. உதகமண்டலத்தை உருவாக்கிய ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவரே. 1868-இல் நீலகிரி தனியே பிரிந்தது. 1910-இல் கரூர் வட்டம் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. 1979-இல் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு பெரியார் மாவட்டம் பிறந்தது. பின்னர் அது ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009-இல் கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் பகுதிகளை எடுத்துத் திருப்பூர் மாவட்டம் அமைத்தார்கள்.

காங்கேயத்தில் பிறந்து அங்கேயே வாழும் ஒரு பாட்டியை எண்ணிப் பாருங்கள். பிறந்தபோது அவர் கோவை மாவட்டத்துக்காரர்; பிறகு பெரியார் மாவட்டம், அடுத்து ஈரோடு மாவட்டம், இப்போது திருப்பூர் மாவட்டம். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே நான்கு பெயர்களைக் கண்டுவிட்டார்! இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். முன்பு கலெக்டரிடம் மனுக் கொடுக்க அவர் 60 கி.மீ.க்கு மேல் கோவைக்குப் பயணம் செய்ய வேண்டும். இன்று திருப்பூர் 30 கி.மீ.க்குள் இருக்கிறது. எல்லைக் கோடு என்பது படத்தில் வரைந்த கோடாகத் தோன்றினாலும், ஏழைக்கு அது பேருந்துக் கட்டணம். ஒரு நாள் கூலி.

கிராமத்திலும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. முன்பு மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் பெரும்பாலும் பரம்பரையாகவே பதவி வகித்தனர். 1980-இல் அம்முறை ஒழிக்கப்பட்டது; தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்துக்கு வந்தார். இன்று அப்பணியில் பெண்களும் இருக்கிறார்கள். உங்களில் சிலரும் நாளை அமரலாம்.

கானா நாட்டில்

"மற்ற நாடுகளிலும் இப்படித்தானா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானாவைப் பார்ப்போம். சாக்லெட்டுக்கு வேண்டிய கோகோ மிகுதியாக விளையும் நாடு அது. நம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளிலும் கோகோ ஊடுபயிராக வளர்வதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கானா 1957-இல் விடுதலை பெற்றது. அந்நாடு மண்டலங்களாகவும், மண்டலங்கள் மாவட்டங்களாகவும் பிரிந்துள்ளன. முன்பு மண்டலங்கள் 10. 2019 முதல் 16. புதிய மண்டலங்களை அமைக்குமுன் 2018 டிசம்பரில் அந்தந்தப் பகுதி மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்காளர்களில் பாதிப் பேராவது வாக்களிக்க வேண்டும். வாக்களித்தோரில் 100-க்கு 80 பேராவது சம்மதிக்க வேண்டும் என்பது அவர்கள் அரசியலமைப்பின் விதி. நம் நாட்டில் புதிய மாவட்டத்தை மாநில அரசு தன் ஆணையால் அமைக்கிறது. ஆனால் கானாவின் மாவட்டப் பேரவையில் 10-க்கு 3 பேர் நியமன உறுப்பினர்கள். நம் கிராம ஊராட்சி வார்டுகளுக்கோ எல்லா உறுப்பினர்களும் தேர்தல் மூலமே வர வேண்டும். ஒவ்வொரு நாட்டிடமும் கற்க ஒன்று உண்டு.

நம் பங்கு

1992-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு உறுதியான இடம் தந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களையும் ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. கிராம சபை என்பது ஊரிலுள்ள எல்லா வாக்காளர்களும் கூடும் மன்றம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் அதைக் கூட்டும் முறை வந்தது. அங்கே ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க உங்கள் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உரிமை உண்டு. பெற்றோரே, உங்கள் மகளையும் ஒருமுறை உடன் அழைத்துச் செல்லுங்கள். பதினெட்டு வயது நிறைந்தபின் அவளும் அங்கே தயங்காமல் எழுந்து பேசுவாள்.

மாணவியரே, இந்த விடுமுறைக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வருவாய்க் கிராமம் எது? குறுவட்டம் எது? வட்டம் எது? ஊராட்சி ஒன்றியம் எது? நகரத்தில் இருப்போர், உங்கள் வார்டு எண் என்ன? விடைகளை எழுதி, ஒவ்வோர் அலுவலகத்திலும் எந்த வேலை நடக்கும் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

மேலே சொன்ன தாயாரின் மகள் இதை முன்னமே செய்துவிட்டாள். இரண்டு ஏணிகளையும் ஒரு தாளில் வரைந்து வீட்டுக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மனுக் கொடுக்கப் புறப்படுமுன் அதைப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். "இப்பெல்லாம் எங்க வீட்டுக்கு வந்து கேட்டுட்டுத்தானுங் போறாங்க" என்று பெருமையோடு சொன்னார் அந்தத் தாய். அவருக்கு ஓய்வூதியமும் வந்துவிட்டது. ஒவ்வொரு மாணவியின் வீட்டுக் கதவிலும் அப்படி ஒரு தாள் ஒட்டப்பட்டால், நம் பள்ளியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீணாகும் கூலி நாட்கள் எத்தனை குறையும்!