ஆலயக் கலைகளும் நோய் தணிக்கும் அறிவியலும்

சைவ மக்களுக்கு ஆலயம் வழிபடும் இடம் மாத்திரமன்று. பாட்டும் வாத்தியமும் கூத்தும் கதையும் கோலமும் பூத்தொடையும் வளர்ந்த இடமும் அதுவே. இவற்றையெல்லாம் இறைவனுக்குச் செய்யும் தொண்டு என்றே முன்னோர் கொண்டனர். அத்தொண்டினால் செய்பவரின் உடலிலும் உள்ளத்திலும் என்ன நிகழ்கின்றது என்பதைக் கருவி கொண்டு அளந்து பார்க்கும் வேலையைக் கடந்த சில பத்தாண்டுகளாக மருத்துவ விஞ்ஞானிகள் செய்து வருகின்றனர். 2019 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்திய அலுவலகம், கலைகளுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 900 இற்கு மேற்பட்ட வெளியீடுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய் வராமல் காப்பதிலும் வந்த நோயைச் சமாளிப்பதிலும் இசை, நடனம், நாடகம், ஓவியம் முதலியவற்றுக்குப் பங்குண்டு என்பது அதன் முடிவு.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய செய்தியன்று. புறநானூற்றின் 281 ஆம் பாடல் அரிசில்கிழார் பாடியது. போரிலே புண்பட்டு வீட்டிற் கிடக்கும் வீரனைப் பெண்கள் எவ்வாறு காத்தனர் என்பதை, ஒருத்தி தன் தோழியை அழைத்துச் சொல்லும் முறையில் அது காட்டுகின்றது. இரவந்தழையையும் வேப்பிலையையும் மனையிலே செருகுகின்றனர். யாழும் பிற வாத்தியங்களும் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி ஒலித்து, காஞ்சிப்பண் பாடி, வீடெங்கும் நறும்புகை இடுகின்றனர். புண்பட்டவனைப் பேய் அணுகாமற் காத்தல் என்பதே அக்கால நம்பிக்கை. பாடலின் துறைப் பெயரே பேய்க்காஞ்சி. எனினும் அவர்கள் செய்த காரியத்தைப் பார்த்தால், வேம்பும் பண்ணும் ஒரே அறையில் இருந்தன. ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டும் வழக்கமும், மட்டக்களப்புப் பகுதியில் வைகாசி மாதத்திலே கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி பாடும் வழக்கமும் இந்தப் பழைய வேரிலிருந்து வந்தவையாகவே தோன்றுகின்றன.

திருமுறை வரலாற்றிலும் பிணியும் பாட்டும் அடுத்தடுத்து வருகின்றன. சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசு சுவாமிகள் திருவதிகை வீரட்டானத்திலே பாடி நோய் நீங்கப் பெற்றார். பாண்டிய மன்னனின் வெப்பு நோய் தீரத் திருஞானசம்பந்தர் திருநீற்றுப் பதிகம் அருளினார். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளின் முயலகன் நோயும், கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களை வருத்திய குளிர்சுரமும் அவர் பாட நீங்கின. திருவருளின் செயலை ஆய்வுகூடத்தில் அளக்க முடியாது. அளக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் பதிகம் ஓதுகின்றவரின் மூச்சை அளக்கலாம்.

அத்தகைய அளவீடு ஒன்று 2001 ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியாயிற்று. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூச்சியானோ பெர்னார்டியும் அவரது குழுவினரும் நல்ல உடல்நலமுள்ள 23 பேரைத் தெரிந்தெடுத்தனர். அவர்களைக் கத்தோலிக்கரின் செபமாலையை இலத்தீன் மொழியில் சொல்லவும், பின்னர் ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உச்சரிக்கவும் செய்து, மூச்சையும் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பதிவு செய்தனர். இரண்டிலும் ஒரே விளைவு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குப் பத்துக்கு மேற்பட்ட தடவை விடும் மூச்சு, ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. மூச்சு அந்த வேகத்துக்கு வந்தபோது, இரத்த அழுத்தத்தில் இயல்பாகவே உண்டாகும் சிறு ஏற்ற இறக்கமும் அதே தாளத்தில் அமைந்துவிட்டது.

இதிலே உடல் செய்யும் வேலை விளங்கிக்கொள்ளத் தக்கது. கழுத்திலும் இதயத்துக்கு அண்மையிலும் உள்ள பெருங்குழாய்களில் இரத்த அழுத்தத்தை உணரும் நுண்ணிய அமைப்புகள் உள்ளன. அழுத்தம் கூடினால் அவை மூளைக்கு அறிவிக்கும். மூளை வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இதயத்தை மெதுவாக்கும். பெருந்துயரும் நீண்ட பதற்றமும் இந்த ஏற்பாட்டைத் தளர்த்துகின்றன. நீண்டு, சீராக, மெல்ல விடும் மூச்சு அதனைக் கூர்மையாக்குகின்றது. தேவார அடியொன்றைப் பண்ணோடு பாடுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அப்படித்தான் மூச்சு விடவேண்டும். சட்டென்று உள்ளே இழுத்து, அடி முடியும் வரை சிறிது சிறிதாக வெளியே விடுகின்றார். பிராணாயாமம் பழகாத வயோதிப அன்னையும், பண்ணிசை வகுப்புக்குப் போகும் சிறுமியும் தம்மை அறியாமலே அந்தப் பயிற்சியைச் செய்துவிடுகின்றனர்.

ஓங்காரத்தின் முடிவில் வாய் மூடி ஒலிக்கும் மகர ஒலி பற்றியும் ஒரு சிறு செய்தி உண்டு. வாயை மூடி ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வெளியேறும் நைத்திரிக் ஒட்சைட்டு வாயு, சும்மா மூச்சு விடும்போது வெளியேறுவதைப் போல 15 மடங்காகக் கூடுவதை சுவீடன் நாட்டு ஆய்வாளர் வைட்ஸ்பெர்க்கும் லுண்ட்பெர்க்கும் 2002 இல் கண்டனர். இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதில் இந்த வாயுவுக்குள்ள பங்கைக் கண்டறிந்தமைக்கே 1998 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. ஆயினும் இதைக் கொண்டு ஓங்காரம் இன்ன நோயை மாற்றும் என்று பட்டியல் போடுவது பொருந்தாது. அளந்தது வாயுவை மட்டுமே.

இந்த நன்மைகளெல்லாம் பாடுகின்றவருக்கு உரியவை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று பல ஆலயங்களில் விடியற்காலையில் ஒலிபெருக்கி பாடுகின்றது. அடியார்கள் வாய் மூடி நிற்கின்றனர். நல்ல பாட்டைக் கேட்பதும் மனதுக்கு இதம் தருவதே. ஆனால் கேட்பவரின் மூச்சு பாடுபவரின் மூச்சைப் போல மாறுவதில்லை. அதுவுமன்றி 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் காதில் விழுந்தாற் கேள்விப்புலன் கெடும். ஓசை ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் காது தாங்கக்கூடிய நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். திருவிழாக் காலத்திலே ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகில் குழந்தைகளை இருத்திவிட்டு, பாட்டு உடலுக்கு நல்லது என்று பேசுவதிற் பயனில்லை.

பாட்டு நேரடியாகவே மருந்தாக நிற்கும் நோய் ஒன்று உண்டு. பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போய்விடுகின்றது. பெரும்பாலானோருக்குப் பேச்சை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருப்பதே காரணம். சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும், சொல் வராது. பெற்ற பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் அழுகின்ற முதியவரை ஊர்கள் தோறும் காணலாம். இத்தகையோர் சிலர் பேச முடியாவிட்டாலும் பாடக்கூடியவராக இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. 1745 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஒலோஃப் டாலின், பேச்சிழந்த ஒருவர் தாம் முன்பு கற்ற தேவாலயப் பாடல்களை மட்டும் சொற்பிசகின்றிப் பாடியதை எழுதி வைத்துள்ளார். பாட்டின் இராகமும் தாளமும் மூளையின் வலப்பக்கத்தையும் துணைக்கு அழைத்துக்கொள்வதே இதற்கு விளக்கமாகச் சொல்லப்படுகின்றது. இதனை அடிப்படையாகக் கொண்டு 1973 இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர வைத்தியர்கள் ஒரு சிகிச்சை முறையை வகுத்தனர். சிறிய சொற்றொடரை இராகமாக இழுத்துப் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக் கையால் மெல்லத் தட்ட வேண்டும். மெல்ல மெல்ல இராகத்தைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாருக்கும் இது பயன் தருவதில்லை. பேச்சுச் சிகிச்சையாளரின் வழிகாட்டலும் தேவை. ஆனாலும் இளமையிலே தேவாரம் மனனம் செய்த ஒருவருக்கு, மற்றெல்லாச் சொல்லும் போன பின்னும் அது எஞ்சியிருக்க இடமுண்டு. வீட்டார் அருகிலிருந்து, தெரிந்த பாட்டொன்றைத் தாளம் போட்டு மெதுவாகப் பாடிப் பார்ப்பதிற் கேடில்லை.

உடலின் நோயைவிட உள்ளத்தின் நோய்தான் இந்த நாட்டின் தமிழ்க் கிராமங்களை அதிகம் வாட்டியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போரின் உளத் தாக்கத்தைப் பற்றித் தமிழில் ‘மனவடு’ என்னும் நூலையும், 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு விரிந்த நூலையும் எழுதினார். மேலைநாட்டுச் சிகிச்சை முறைகளோடு மந்திர செபம், யோகம், ஒப்பாரி, கூத்து ஆகிய உள்ளூர் வழிகளையும் பயன்படுத்த வேண்டும் என்பது அவரது கருத்து. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறார்கள் ஒன்றாகச் சேர்ந்து களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை சொன்னார்கள், நாடகம் நடித்தனர். நடந்ததை வாயாற் சொல்லச் சொன்னால் ஒடுங்கிப் போகும் பிள்ளை, களிமண்ணிலே அதைச் செய்து காட்டும்.

பெரியவர்களுக்கு அத்தகைய பூங்கா எது? யாழ்ப்பாணத்துச் சைவ ஆலயங்களில் நிலைத்த புராண படனத்தை இந்த நோக்கிலே பார்க்கலாம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை ஈழத்துச் சைவ வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்றே சொன்னார். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, மண்டபத்திலே ஊர் இருந்து கேட்கும். மகன் பானுகோபன் போரிலே பட்டதை அறிந்து சூரபன்மன் புலம்பும் இடம் வரும்போது, அவன் அசுரன் என்பதை எவரும் நினைப்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் குரலாகவே அது கேட்கின்றது. 2004 இல் கடல் கொண்டவர்களும், 2009 இல் முடிந்த போரிலே மாண்டவர்களும், காணாமற் போனவர்களும் இல்லாத குடும்பம் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை இருக்கும்? உடல் கிடைக்காமையால் செத்தவீடும் நடக்கவில்லை, அந்தியேட்டியும் நடக்கவில்லை, ஒப்பாரியும் பாடப்படவில்லை. அழுதால் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்வதாகும் என்று அழாமலே இருக்கும் தாய்மாருண்டு. அவர்களிடம் போய் மனதில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றால் சொல்லமாட்டார்கள். புராண படன மண்டபத்தில் அவர்களை எவரும் எதுவும் கேட்பதில்லை. கதைக்கு அழலாம், பக்கத்தில் இருப்பவரும் அழுவார், எதற்காக என்று விசாரிக்க வேண்டியதில்லை. இந்தப் படனம் பல ஊர்களில் அருகிக்கொண்டு போவதை, பழைய வழக்கம் ஒன்று மறைகின்றது என்று மட்டும் எண்ணி விட்டுவிடக் கூடாது. அங்கே வந்து அழுதவர்கள் இனி எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கின்றது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் வலிப்புக்கும் வைத்தியர் தந்த குளிசைகளைப் பாட்டை நம்பி நிறுத்துவது ஆபத்து. விரத காலத்தில் குளிசையையோ இன்சுலினையோ எப்படி மாற்றி எடுப்பது என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. தனக்குள்ளே பேசுபவரையும், பல நாள் உறங்காதவரையும், சாக வேண்டும் என்று சொல்பவரையும் ஆலயத்திலே இருத்தி வைத்து நாட்கடத்தாமல் உளநல வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஆலயத்துக்கு வருவது அதற்குத் தடையன்று.

நித்திய பூசையின் முடிவில் பஞ்சபுராணம் ஓதப்படுகின்றது. பெரும்பாலும் ஒருவரே ஒலிவாங்கியில் ஓத, ஏனையோர் கைகூப்பி நிற்பது வழக்கமாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாளாவது, வெள்ளிக்கிழமை மாலைப் பூசையிலென்றாலும், ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு எல்லாரும் சேர்ந்து ஓதலாம். ஓதத் தெரிந்தவர் ஓர் அடி சொல்ல, மற்றவர்கள் அதே அடியைத் திருப்பிச் சொன்னால் எழுத்தறியாதவரும் பங்குகொள்வர். அவசரம் வேண்டாம், அடிக்கு ஒரு மூச்சு போதும். திருப்பல்லாண்டுப் பாடல்கள் ஒரே முடிவைக் கொண்டவை. பேச்சிழந்து கதிரையில் இருத்திக் கொண்டுவரப்படும் முதியவருக்கும் அந்த முடிவு காதுக்குப் பழகியதே. அவரது இடக் கையைப் பேரப்பிள்ளை பிடித்துத் தாளம் தட்டிவிட, அந்தக் கடைசிச் சொல்லில் அவரும் சேர்ந்துகொள்ளலாம்.