பட்டிச் செலுத்துகை: துணி உலர்த்தியில் அறுந்த பட்டியை மாற்றுதல்

மாணவர்களே, கப்பியும் பட்டியும் என்றவுடன் தையல் இயந்திரத்தின் தோற்பட்டியும் அரிசி ஆலையின் நீண்ட பட்டியும் உங்கள் நினைவுக்கு வரும். சுழலும் ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குப் பட்டியின் மூலம் வலுவைக் கொண்டுசெல்லும் ஒழுங்கே பட்டிச் செலுத்துகை எனப்படும். இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் துணி உலர்த்தியாகும். வட அமெரிக்க வீடுகளில் இது சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் சாதாரணமாகக் காணப்படும். கொடியில் துணி காயவிடும் நமக்கு இது சற்றுப் புதிது. ஆயினும் தத்துவம் தெரிந்தால் புதிய இயந்திரத்தையும் விளங்கிக்கொள்ளலாம்.

1. அமைப்பு

துணிகள் இடப்படும் பெரிய உலோக உருளை, மின் மோட்டர், வெப்பமூட்டி, காற்றை வெளியேற்றும் விசிறி என்பன இதன் பிரதான பகுதிகளாகும். உருளையின் வெளிப்புறத்தைச் சுற்றி ஒரு மெல்லிய இறப்பர்ப் பட்டி செல்கிறது. அதே பட்டி மோட்டர்த் தண்டிலுள்ள சிறு கப்பியையும் சுற்றிவருகிறது. ஆகவே உருளையே இங்கு பெரிய கப்பியாகத் தொழிற்படுகிறது.

பட்டியின் உட்புறத்தில் நீளப்பாட்டில் வரிப்பள்ளங்கள் உண்டு. இவை தொடுகைப் பரப்பைக் கூட்டிப் பிடிப்பை அதிகரிக்கின்றன. வில்லொன்றால் இழுக்கப்படும் மற்றொரு சிறு கப்பி பட்டியின் வெளிப்புறத்தை அழுத்தி அதனைத் தொய்யவிடாது வைத்திருக்கும். இதனை இறுக்கற் கப்பி எனக் குறிப்பிடுவோம். பட்டிச் செலுத்துகை உராய்விலேயே தங்கியுள்ளது. இழுவை குறைந்தால் உராய்வு குறையும்; உராய்வு குறைந்தால் பட்டி வழுக்கும்.

2. வேகக் கணிப்பு

மோட்டர்க் கப்பியின் வேகம் × அதன் விட்டம் = உருளையின் வேகம் × அதன் விட்டம்

உதாரணம்: மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்றுகள் சுழல்கிறது. கப்பியின் விட்டம் 20 மில்லிமீற்றர். உருளையின் விட்டம் 576 மில்லிமீற்றர். உருளையின் வேகம் யாது?

1440 × 20 ÷ 576 = 50

உருளை நிமிடத்துக்கு 50 சுற்றுகள் சுழலும். இவ்வளவு மெதுவாகச் சுழல்வதால்தான் துணிகள் மேலே சென்று மீண்டும் விழுந்து, சூடான காற்றில் நன்றாகப் புரள்கின்றன. மிக வேகமாகச் சுழன்றால் துணிகள் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். (பட்டி சிறிதளவு வழுக்குவதால் உண்மையான வேகம் சற்றுக் குறைவாக இருக்கும்.)

3. பட்டி அறுந்ததை அறிதல்

(அ) மோட்டரின் ஓசை கேட்கும்; உருளை அசையாது.
(ஆ) மின்னைத் துண்டித்துவிட்டு உருளையைக் கையால் திருப்பினால் தடையின்றி இலகுவாகச் சுழலும். பட்டி நன்றாக இருந்தால் மோட்டரையும் சேர்த்துத் திருப்ப வேண்டியிருப்பதால் ஓரளவு தடை தெரியும்.
(இ) சில மாதிரிகளில், பட்டி அறுந்ததும் இறுக்கற் கப்பியின் புயம் விலகி ஓர் ஆளியைத் திறந்துவிடும். அப்போது மோட்டரும் இயங்காது. ஆகவே மோட்டர் இயங்கவில்லை என்பதைக் கொண்டு மாத்திரம் மோட்டர் பழுது எனத் தீர்மானிக்கக் கூடாது.

4. மாற்றும் முறை

மேல்மூடி உயர்த்தித் திறக்கும் வகையை இங்கு நோக்குவோம். பிற வகைகளில் கழற்றும் ஒழுங்கு வேறுபடலாம்.

படி 1: செருகியைக் குதையிலிருந்து கழற்றுக. ஆளியை நிறுத்துவது மட்டும் போதாது. வட அமெரிக்காவில் மின் உலர்த்திகள் பொதுவாக 240 வோல்ற்றில் இயங்குகின்றன. இந்த அழுத்தம் உயிரைப் பறிக்கக்கூடியது. வாயுவில் இயங்கும் வகையாயின் வாயு வாயிலையும் மூடுக. உலர்த்தி ஆறும்வரை காத்திருக்க.

படி 2: மேல்மூடியைத் திறந்து, கதவு ஆளியின் கம்பிகள் இணைந்துள்ள விதத்தைக் குறித்துக்கொண்டு அவற்றைக் கழற்றுக. பின்னர் திருகாணிகளை நீக்கி முன்தகட்டை எடுக்குக. முன்தகடு நீங்கியதும் உருளை கீழே சரியக்கூடும். இன்னொருவர் தாங்கிப் பிடித்தல் நன்று.

படி 3: அறுந்த பட்டியை வெளியே எடுத்து, அதனை எறிந்துவிடாது வைத்திருக்க. உள்ளே தேங்கியுள்ள பஞ்சுத்தூசியை நீக்குக.

படி 4: உருளையைத் தாங்கும் சில்லுகளையும் இறுக்கற் கப்பியையும் கையால் சுழற்றிப் பார்க்குக. இறுகியவற்றையும் தேய்ந்தவற்றையும் மாற்றுக.

படி 5: அந்த மாதிரிக்கு உரிய புதிய பட்டியை, வரிப்பள்ளங்கள் உட்புறம் இருக்குமாறு உருளையைச் சுற்றி இடுக. பழைய பட்டி ஓடிய தடம் உருளையில் தெரியும். அதே தடத்தில் வைக்குக.

படி 6: இறுக்கற் கப்பியை வில்லின் இழுவைக்கு எதிராகத் தள்ளிப் பிடித்து, பட்டியின் தொங்கும் மடிப்பை மோட்டர்க் கப்பியில் மாட்டுக. பிடியை விட்டதும் பட்டி இறுகும்.

படி 7: உருளையைக் கையால் இரண்டு மூன்று சுற்றுகள் திருப்புக. பட்டி முறுகாமலும் தடம் விலகாமலும் ஓடினால் முன்தகட்டையும் கம்பிகளையும் மேல்மூடியையும் பொருத்துக. எல்லாம் மூடப்பட்ட பின்னரே மின்னை இணைத்து, துணியிடாது இயக்கிப் பார்க்குக.

5. பட்டி ஏன் அறுந்தது?

பலர் படி 4ஐத் தவிர்த்துவிடுவர். உலர்த்தி அன்று ஓடும். சில வாரங்களில் புதிய பட்டியும் அறுந்துவிடும். அறுந்த பட்டி ஒரு விளைவாகும். அதன் காரணத்தைப் பெரும்பாலும் அந்தப் பட்டியே காட்டும்.

• குறுக்கே பல வெடிப்புகள்: வெப்பத்தாலும் வயதாலும் இறப்பர் இறுகிவிட்டது. பட்டியை மாற்றினால் போதும்.
• உட்புறம் கண்ணாடிபோல் மினுக்கம்: பட்டி வழுக்கியுள்ளது. இழுவை குறைந்திருக்கலாம், உருளை இறுகியிருக்கலாம், அளவுக்கு அதிகமாகத் துணி இடப்பட்டிருக்கலாம்.
• ஓரம் நூல்நூலாகப் பிரிதல்: பட்டி நேராக ஓடவில்லை. கப்பி சரிந்துள்ளதா, தாங்கிச் சில்லு தேய்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பஞ்சுத்தூசியை நீக்குவதும் வெறும் துப்புரவு வேலையல்ல. ஐக்கிய அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணிப்பின்படி, 2008 முதல் 2010 வரை அந்நாட்டுக் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,900 துணி உலர்த்தித் தீ விபத்துகள் ஏற்பட்டன. இவற்றுக்கு முதன்மைக் காரணமாகக் காணப்பட்டது உலர்த்தியைத் துப்புரவு செய்யாமையே. உலர்ந்த பஞ்சும் வெப்பமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை மறவாதீர்கள்.

6. மாதிரி வினாவும் விடையும்

வினா: பட்டியைப் பொருத்திய பின்னர் மின்னை இணைக்குமுன் உருளையைக் கையால் திருப்புவது ஏன்?

குறைவான விடை: சரியாக உள்ளதா எனப் பார்ப்பதற்கு.

நிறைவான விடை: பட்டி முறுகியிருந்தாலோ தடம் விலகியிருந்தாலோ மோட்டரின் வேகத்தில் அதன் ஓரம் தேய்ந்து விரைவில் அறுந்துவிடும். கையால் மெதுவாகத் திருப்பும்போது அக்குறையைச் சேதமின்றியும் மின்னாபத்தின்றியும் கண்டு திருத்தலாம்.

முதல் விடையும் பிழையல்ல. ஆனால் எதைப் பார்க்கிறோம், பார்க்காவிட்டால் என்ன நேரும் என்பவற்றை அது கூறவில்லை. "ஏன்" என்று வினவப்படும் இடத்தில் காரணத்தையும் விளைவையும் சேர்த்து எழுதுங்கள்.

7. பயிற்சி

(1) மோட்டர் நிமிடத்துக்கு 1725 சுற்றுகளும் உருளை 50 சுற்றுகளும் சுழல்கின்றன. உருளையின் விட்டம் 690 மில்லிமீற்றர் எனின் மோட்டர்க் கப்பியின் விட்டம் யாது?
(2) உரிய நீளத்திலும் கூடிய பட்டியைப் பொருத்தினால் ஏற்படக்கூடிய விளைவு யாது?
(3) உரிய நீளத்திலும் குறைந்த பட்டியை வலிந்து மாட்டினால் எப்பகுதிகள் பாதிக்கப்படும்?

விடைகள்: (1) 20 மில்லிமீற்றர். (2) இழுவை குறைந்து பட்டி வழுக்கும். உருளை மெதுவாகச் சுழலும் அல்லது நின்றுவிடும். (3) இழுவை மிகுந்து மோட்டர்த் தண்டின் போதிகைகளும் இறுக்கற் கப்பியும் விரைவில் தேயும், பட்டியும் அறுந்துவிடும்.

நினைவிற் கொள்க: முதலில் மின்னைத் துண்டியுங்கள். அடுத்துக் காரணத்தைத் தேடுங்கள். அதன் பின்னரே பட்டியை மாற்றுங்கள். வீட்டில் தையல் இயந்திரத்தின் பட்டி அறுந்தாலும் அதனை எறியுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அது அறுந்த காரணம் அதிலேயே தெரியக்கூடும்.